பதிவேட்டின்படி தூங்கிக்கொண்டிருந்த ஓட்டுநர்

நகல்கடை அக்காவின் கடைக்குள் ஒரு லாரி வந்து நின்றபோது காலை மணி பதினொன்று. முன்கூட்டி விண்ணப்பம் எதுவும் கொடுக்காமல் வந்த லாரி அது. முன்சுவரை இடித்து, நகலெடுக்கும் இயந்திரத்தைச் சப்பையாக்கி, அக்காவின் இடது கையை முறித்து, பின்சுவருக்கு ஒரு சாண் முன்னால் அடக்க ஒடுக்கமாக நின்றது.

ஓட்டுநர் இறங்கி வந்து செய்த முதல் காரியம் அழுததுதான்.

"பிரேக் பிடிக்கலக்கா. இருபது மணி நேரமா ஓட்டிக்கிட்டிருக்கேன். பிரேக் சரியில்லைன்னு முதலாளிகிட்ட மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டேன். 'ஹாரன் அடிக்குதில்ல, போ'ன்னுட்டார்."

அக்காவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கை வலித்த வலியில் அதற்கு இடமும் இல்லை. பத்தாம் நாள், கட்டுப் போட்ட கையோடு, ஓட்டுநரையும் அழைத்துக்கொண்டு, தெருக்கோடியில் இருந்த சாலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனாள். நஷ்டஈடு கிடைக்க வேண்டுமானால் லாரிக்காரர்கள் பாதுகாப்பு விதியை மீறினார்கள் என்று நிரூபிக்க வேண்டுமாம். அதற்கென்ன? வழக்கு முடியும்வரை எடுக்கக் கூடாதென்று லாரி இன்னும் கடைக்குள்ளேயே நிற்கிறது. ஓட்டியவனே ஒப்புக்கொள்கிறான். உரித்த பழம்தானே என்று நினைத்தாள்.

ஆய்வாளர் லாரிக் கம்பெனியின் பணிநேரப் பதிவேட்டை வரவழைத்து, எச்சில் தொட்டுப் புரட்டினார்.

"காலை எட்டு முதல் மாலை நாலு வரை ஓய்வுன்னு இருக்கேம்மா. பதிவேட்டின்படி பதினொரு மணிக்கு இவர் தூங்கிக்கிட்டிருந்தார்."

"சார், இவர் என் கடைக்குள்ள நின்னு அழுதார்."

"தூக்கத்துல அழறவங்களும் உண்டும்மா. என் மச்சான்கூட அழுவான்."

ஓட்டுநர் குறுக்கிட்டான். "ஐயா, நான் தூங்கல. அதை எழுதினது முதலாளி ஆபீஸ். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

ஆய்வாளர் அவனைப் பரிவோடு பார்த்தார். "தம்பி, தூங்கறவர் பேசறதையெல்லாம் வாக்குமூலமா எடுத்துக்க விதியில இடமில்லை. எழுந்தப்புறம் வாங்க."

அக்கா விடவில்லை. தேய்ந்துபோன பிரேக்கின் புகைப்படங்களை மேஜையில் பரப்பினாள். ஆய்வாளர் அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, இன்னொரு கோப்பைத் திறந்தார்.

"அன்னைக்குப் பதினொரு மணிக்கு இந்த லாரி நம்ம சோதனைக் கூடத்துல நின்னிருக்கு. 'நேரில் சோதிக்கப்பட்டது, பிரேக் நன்று.' கையெழுத்து என்னோடது."

"லாரியைப் பார்த்தீங்களா சார்?"

"லாரியைப் பார்க்க எங்கம்மா நேரம்? முப்பது பக்கம் படிவம். அதை வரி விடாம பார்த்தேன்."

மூன்றாம் நாள் அக்காவுக்கு ஓர் அறிக்கை வந்தது. கடை தானாகவே இடிந்து விழுந்திருக்கலாம் என்று துறை கருதுவதாகவும், குடியிருப்புப் பகுதியில் அனுமதியின்றிக் கனரக வாகனம் ஒன்றை அவள் நிறுத்தி வைத்திருப்பதற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது.

அன்று வீட்டில் அக்கா சாப்பிடவில்லை. "விட்டுத் தொலை. மலையோட முட்டினா மண்டைதான் உடையும்," என்றார் வீட்டுக்காரர். ஏற்கெனவே கை உடைந்தாயிற்று, மண்டை மட்டும் என்ன மிச்சம் என்று அக்காவுக்குத் தோன்றியது. பதினைந்து வருஷமாக அந்த அலுவலகத்தின் கடிதங்களை நகலெடுத்தவள் அவள். அவர்கள் பாஷை அவளுக்குத் தாய்மொழி மாதிரி. ஒற்றைக் கையால் எழுதினாள்:

"மேற்படி எண்ணுள்ள லாரி மேற்படி நேரத்தில் தங்கள் கூடத்தில் நின்றமையால், என் கடையில் நிற்பது மேற்படி லாரி அல்ல எனப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஆகவே உரிமையாளர் இல்லாத இப்பொருளை அடியேனுக்கே வழங்கி ஆணையிட வேண்டுகிறேன்."

ஆய்வாளர் நெகிழ்ந்துபோனார். பதிவேட்டை மறுக்காத மனு ஒன்றை அவர் தம் பணிக்காலத்தில் பார்த்ததே இல்லை. நான்கே நாளில் லாரி அக்காவுக்குச் சொந்தமாயிற்று.

ஐந்தாம் நாள் லாரி முதலாளி விழுந்தடித்து ஓடி வந்தார். ஆய்வாளர் அக்காவையும் வரவழைத்து உட்கார வைத்தார்.

"சார், அது என் லாரி."

"உங்க லாரி கூடத்துல இருந்ததே?"

"எங்க இருந்தது? இந்தம்மா கடையை இடிச்சுக்கிட்டு உள்ள நின்னுது."

"பிரேக் நன்றுன்னு இருக்கு. எப்படி இடிக்கும்?"

"பிரேக்கே கிடையாது சார், எனக்குத் தெரியாதா?"

"ஓட்டுநர் தூங்கிட்டிருந்தார்."

"நான் எப்ப அவனைத் தூங்க விட்டேன்?" என்றார் முதலாளி, மானம் போனவரைப்போல.

"அப்ப நிரூபிங்க," என்றார் ஆய்வாளர்.

முதலாளி நிரூபித்தார். இருபது மணி நேரத்துக்கான சுங்கச்சாவடிச் சீட்டுகள், 'இந்த வண்டியை எடுக்காதீர்கள்' என்று மெக்கானிக் எழுதிய கடிதம், ஓட்டுநரின் மூன்று புகார்கள் என்று எல்லாவற்றையும் அவரே தலையில் சுமந்து வந்து கொடுத்தார். இவ்வளவு சிரத்தையாகத் தன் குற்றத்தைத் தானே நிரூபித்தவர் வேறொருவர் இருக்க முடியாது. ஓட்டுநர் விழித்திருந்ததாக அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டு, வேறு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். அக்காவுக்குச் சுவர், இயந்திரம், வைத்தியச் செலவு எல்லாம் கிடைத்தன. முதலாளிக்கு லாரி கிடைத்தது. ஆய்வாளரின் கையெழுத்து மட்டும் 'பணிப்பளு காரணமாக நேர்ந்தது' என்று மன்னிக்கப்பட்டது.

துறை அத்தோடு சும்மா இருந்துவிடவில்லை. அடுத்த மாதமே சுற்றறிக்கை வந்தது: "லாரிகளின் பிரேக்குகள் பலவீனமானவை என்பது ஐயமற நிரூபணமாகிவிட்டபடியால், சாலையோரக் கடைச் சுவர்கள் யாவும் லாரியைத் தாங்கும் பலமுடையவை என நேரில் சோதித்துச் சான்று பெறுதல் கட்டாயம்."

தெருவே கொதித்தது. பிறகு வரிசையில் நின்றது. படிவத்துக்கு நான்கு நகல் வேண்டுமே. அக்காவின் புது இயந்திரத்துக்கு மூச்சுவிட நேரமில்லை.

வரிசையின் முதல் ஆள் மருந்துக்கடைக்காரர். அதிகாரிகள் பார்க்காமலே கையெழுத்துப் போடுவதால்தான் நாடு நாசமாகிறது என்று, வழக்கு நடந்த நாளெல்லாம் அக்காவுக்காகத் தொண்டை கிழியப் பேசியவர் அவர். இப்போது மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"வந்து பார்த்தா நம்ம சுவர் தாங்காதும்மா. பார்க்காம கையெழுத்துப் போடறவர் யாராச்சும் இருக்காங்களா?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

அக்கா இழுப்பறையைத் திறந்து, தன் கடைக்கு வாங்கிய சான்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். 'நேரில் சோதிக்கப்பட்டது, முன்சுவர் நன்று.' கீழே ஆய்வாளரின் கையெழுத்து. அதிலிருந்த தேதியில் முன்சுவர் இன்னும் கட்டப்படவே இல்லை.

மருந்துக்கடைக்காரர் அதை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல மனுஷன்," என்றார்.