எம் போட்ட கட்டம்

"எலே, நீ ஏற்கெனவே கெட்டினவனாக்கும், இல்லியா?"

பாறசாலை கம்ப்யூட்டர் சென்டரில் ராபின்சன் ரிசீவரைக் கை மாற்றிப் பிடித்தான். பேசுவது குவைத்திலிருந்து ஜெனின். வரும் ஞாயிறு ஜெனினின் தங்கச்சி டீனாவுக்கும் ராபின்சனுக்கும் நிச்சயம். ஊரில் அதை மனசம்மதம் என்பார்கள். அவள் அப்பனிடமும் அண்ணனிடமும் நாலு வருஷம் நடையாய் நடந்து வாங்கிய சம்மதம் அது.

"யாரு சொன்னா?"

"உனக்க சைட்டுதான் சொல்லுது. ராபின்சன், இருபத்தெட்டு வயசு, விவாகம் ஆனவன்."

விஷயம் இதுதான். காலம் தொண்ணூற்றொன்பது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று பங்குச் சாமியாரான அச்சனுக்கு ஒரு வெப்சைட் ஆசை. அச்சனே பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய்ப் பூசை நேரத்தை மாற்றுகிற மாதிரி ராபின்சன் ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தான். ஆயிரத்து எண்ணூறு பேர் உள்ள பங்கு ரெஜிஸ்டரை டீனாவும் இளைஞர் சங்கத்து மற்றப் பெண்பிள்ளைகளும் எக்செல்லில் அடித்துத் தந்தார்கள். அதை அள்ளி சைட்டில் கொட்ட அவனே ஒரு புரோகிராம் எழுதினான். 'எம்' என்று இருந்தால் மேரீட் என்று எடுத்துக்கொள் என்பது அதில் ஒரு வரி. அதில் கர்வம் வேறு.

"டைப்பிங் தப்பு மச்சான். இப்ப மாத்துறேன்" என்று தன் பெயருக்கு நேரே இருந்ததை அழித்தான்.

மறுநாள் போன் வந்தது. "நான் கேட்ட உடனே அழிச்சிட்டியே. குத்தமில்லாதவன் எதுக்கு அழிக்கான்?"

தன் பெயரை மட்டும் தொட்டதுதான் பிசகு என்று ராபின்சனுக்குப் பட்டது. தப்பு எல்லாருக்கும் பொது என்று காட்டிவிட்டால் தீர்ந்தது. கோயிலில் மணியடிக்கும் வில்பிரட்டிடம் ஓடினான்.

"எம்முன்னா மரிச்சவங்க ஆக்கும். ரெஜிஸ்டருல முப்பது வருஷமா அப்படித்தான் போடுதேன்" என்றார் வில்பிரட்.

தலையில் அடித்துக்கொண்டு வந்து, வரியை மாற்றி, ஷீட்டை முதலிலிருந்து ஏற்றினான். பிள்ளைகளில் பாதிப் பேர் ரெஜிஸ்டரைப் பார்த்து மரிச்சவர்களுக்கு எம் போட்டிருந்தார்கள். மீதிப் பேர் இங்கிலீஷ் படித்த தோரணையில் கெட்டினவர்களுக்குப் போட்டிருந்தார்கள். இது அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரே மத்தியானத்தில் முந்நூறு பேர் செத்தார்கள். மாப்பிள்ளை ராபின்சனும் அதில் ஒருவன்.

சாயங்காலம் வில்பிரட்டின் மனைவி சிசிலி வந்து நின்றாள். "என்னைக் கொன்னுட்டியாமே. மஸ்கட்டுல இருந்து எனக்க மவன் அழுதுகிட்டு விளிக்கான்."

"நில்லுங்க மாமி, உயிரு குடுத்துட்டு வாறேன்."

அறுபதுக்கு மேல் என்றால் மரிச்சவர், கீழே என்றால் கெட்டினவர் என்று இன்னொரு வரி எழுதினான். சிசிலி பிழைத்தாள். வில்பிரட்டுக்கு அறுபத்து மூன்று. அவர் செத்தவராகவே மணியடித்துக்கொண்டிருந்தார். ராபின்சன் உயிர்த்தெழுந்து, மறுபடியும் விவாகம் ஆனவன் ஆனான்.

"அழிச்சே. செத்தே. இப்ப பின்னயும் கெட்டியிருக்கே" என்றான் ஜெனின். "எனக்க தங்கச்சிக்க ஜீவிதம் வச்சு விளையாடாதே. மனசம்மதம் இல்ல."

அச்சன் கையெழுத்து ரெஜிஸ்டரையே தூக்கிக்கொண்டு டீனாவின் அப்பனிடம் போனார். இந்தப் பையன் கெட்டாதவன், நான் சாட்சி என்றார்.

"எழுதுன ஆளு பிசகலாம் அச்சோ. கம்ப்யூட்டருக்கு இவன்கிட்ட என்ன விரோதம்?" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டீனாவின் தங்கை ஆன் சென்டருக்கு வந்தாள். மனசம்மதத்துக்கு அவன் எடுத்துக் கொடுத்த சேலையை மேஜையில் வைத்தாள். தான் எழுதிய ஒரு வரி தன் குடியைக் கெடுத்ததே என்று ராபின்சனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"டீனாவுக்காவது தெரியும்லா பிள்ளே, அது டைப்பிங் தப்புன்னு?"

ஆன் வாசல்படி வரை போய்த் திரும்பினாள்.

"தப்பில்ல அண்ணே, உங்க பேருக்கு எம் போட்டது அக்காளாக்கும், நாலு வருஷமா வேண்டாம்னு அவ சொல்லி வீட்டுல யாரும் கேக்கல்ல, கம்ப்யூட்டர் சொன்னா கேப்பாவன்னு போட்டா."