பேக்கப் பாயும் மூலைக் கம்ப்யூட்டரும்

எந்தப் பொருளும் ஒன்றே ஒன்று இருந்தால் அது இல்லாததற்குச் சமம் என்று நம்பிய மனிதர், அந்தமான் முழுக்கத் தேடினாலும், எங்கள் பேக்கப் பாய் ஒருவர்தான். போர்ட் பிளேரில் டெலானிபூர் ஆபீஸில் லினக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்த்தவர். இரண்டு குடை, இரண்டு மூக்குக்கண்ணாடி, இரண்டு டிபன் பாக்ஸ். இரண்டிலும் ஒரே மீன்குழம்பு.

கிளார்க்காக இருந்த என்னை அவருக்கு உதவியாளாகப் போட்டார்கள். அவர் சொன்னதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதி பிறகு காலை வாரியது.

"சர்வர் செட்டிங் இருக்கிற கான்ஃபிக் ஃபைலைத் தொடுறதுக்கு முன்னாடி என்னா பண்ணணும்?"

"காப்பி எடுத்துப் பத்திரமா வெக்கணும் பாய்."

"அரே, அது போதாது, அந்தக் காப்பியைத் திருப்பிப் போட்டு ஓடுதான்னு பாக்கணும். பாக்காத பேக்கப்பு பேக்கப்பே இல்ல."

சொல்லிவிட்டு, ஆபீஸுக்குள்ளேயே இரண்டாவது குடையை விரித்துச் சோதித்தார்.

மூலையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே 'ஹாத் மத் லகானா', அதாவது 'கை வைக்காதே' என்று இந்தியில் ஓர் அட்டை. அது என்ன செய்கிறது என்று கேட்டால், "ஓடுது" என்பார். "என்னா பண்ணுதுன்னு தெரியாத மெஷினை ஆஃப் பண்ணாத. அது தன் வேலையை எழுதி வெக்கிற லாகைப் படி." படித்தேன். படிப்பதற்கு முன்பு கொஞ்சம் தெளிவாக இருந்தேன்.

அப்போது என் மனைவி ஹேவ்லாக் தீவில் டீச்சர். சனிக்கிழமை போட்டைப் பிடித்தால்தான் அவள் முகத்தைப் பார்க்கலாம். கடல் கொந்தளித்தால் போட் ரத்து, இன்னொரு வாரம் தனிச் சமையல். நல்லவேளையாக, சனிக்கிழமை விடிந்ததும் 'போட் உண்டு' என்றோ 'இல்லை' என்றோ ஃபோனுக்கு மெசேஜ் வந்துவிடும். எல்லோருக்கும் அரசாங்கம் அனுப்புகிறது என்று நினைத்து, அரசாங்கத்தை மனதாரப் பாராட்டியிருக்கிறேன்.

பாய்க்குத் தெற்குக் கோடித் தீவில் கேம்ப்பல் பே என்ற ஊருக்கு மாற்றல் வந்தது. அவர் கிளம்பிய வாரமே புது அதிகாரி மூலைக்கு வந்து, "இது எதுக்கு?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. பாய்க்கு ஃபோன் போட்டால் சிக்னல் இல்லை. அணைத்துவிட்டோம். பிரிண்டர் முதல் நெட்வொர்க் வரை எல்லாம் ஜம்மென்று ஓடின. அதிகாரிக்கு ஒரே பெருமை.

சனிக்கிழமை மெசேஜ் வரவில்லை. போட் இல்லைபோல என்று படுத்துவிட்டேன். போட் போயிருக்கிறது. ஹேவ்லாக் போட் ஜெட்டியில் காத்து நின்ற மனைவி என்னை ஃபோனில் காய்ச்சி எடுத்தாள். திங்கட்கிழமை ஆபீஸில் விசாரித்தால், "எந்த மெசேஜ்?" என்று என்னையே கேட்டார்கள். ஒருவருக்கும் அப்படி ஒன்று வந்ததே இல்லையாம். மெசேஜ் நின்றது அந்தக் கம்ப்யூட்டரை அணைத்த வாரம் என்பது அப்போதுதான் உறைத்தது. பாய்க்கு மறுபடி ஃபோன் போட்டேன். கிடைத்தார்.

"பாய், அந்த மூலைக் கம்ப்யூட்டர் என்னதான் பண்ணுச்சு?"

"போட் நிலவரம் பாத்து உனக்குச் சொல்லும். அவ்ளோதான்."

"எனக்கு மட்டுமா? ஏன் பாய்?"

"ஒரு தடவை போட் இல்லன்னு ஜெட்டிலேர்ந்து திரும்பி வந்துட்டு, திங்கக்கிழமை பூரா துடைச்ச கீபோர்டையே துடைச்சிட்டு இருந்த. பாக்க சகிக்கல. அதை ஆன் பண்ணு. நானும் ஃபோன் பண்றேன். பேக்கப்பு இருக்கட்டும்."

அன்றிலிருந்து சனிக்கிழமை விடிந்ததும் மெசேஜ் வரும். பின்னாலேயே கேம்ப்பல் பேயிலிருந்து பாயின் ஃபோன். "போட் இருக்கு, கிளம்பு."

"கிளம்பிட்டேன் பாய்" என்பேன். பக்கத்தில் காபி ஆற்றிக்கொண்டு என் மனைவி சிரிப்பாள். அவள் போர்ட் பிளேருக்கே மாற்றலாகி வந்து வெகுநாளாகிறது. பாயிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஃபோன் நின்றுவிடுமே.