அட்டெண்டன்ஸெல்லாம் தேவையில்லை

தொலைநிலைக் கல்வியில் சேரும் எல்லோருக்கும் பாடப் புத்தகங்களோடு ஒரு ஆளும் இலவசமாகக் கிடைக்கிறார். விளம்பரத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஆனால் முதல் ஞாயிறு வகுப்புக்குப் போய்ப் பாருங்கள், வாசலிலேயே நிற்பார். அவர்தான் ரூல் தெரிந்தவர்.

எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? சுலபம். மாணவர் விதிமுறைக் கையேட்டை மற்றவர்கள் படிக்காமல் வீட்டில் வைத்திருப்பார்கள். இவர் படிக்காமல் கையில் வைத்திருப்பார். அதை வைத்து விசிறிக்கொள்வார், பெஞ்சில் தூசி தட்டுவார், வடையில் எண்ணெய் ஒற்றுவார், மழை வந்தால் தலைக்குப் பிடிப்பார். யாராவது அதைத் திறந்து பார்க்கக் கேட்டால் மட்டும், "அதுல ஒண்ணும் இருக்காது, என்னைக் கேளு" என்பார்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் படிப்பு மையத்துக்கு வாய்த்தவர் அழகிரி. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. பி.ஏ. சேர்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாத மாதிரி அவர் பேசுவார். வகுப்பு உள்ளே நடக்கும்போது எதிர் டீக்கடையில் அவருடைய வகுப்பு நடக்கும். கூட்டம் எங்கே அதிகம் என்று நான் சொல்ல வேண்டுமா?

அவரிடம் இருந்தது இரண்டே இரண்டு வாக்கியம். கேள்வி எதுவானாலும் முதலில், "அதெல்லாம் தேவையில்லை." அதை நம்பியவன் மாட்டிக்கொண்டு வந்து நின்றால், "ரூலை மாத்திட்டாங்க."

செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டே அங்கே படிக்கும் அனீஸுக்கு ஒருநாள் கை அரித்தது. முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, பதினாலு-பி ஃபார்ம் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். அப்படி ஒரு ஃபார்ம் உலகத்திலேயே கிடையாது. பஸ்ஸில் வரும்போது அவன் பெற்றெடுத்தது. அழகிரி அண்ணன் டீயை ஒரு மிடறு விழுங்கினார். பதினாலு-பியைத் தனியாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், பதினாலு-ஏவோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார். அடுத்த வாரம் பாதி வகுப்பு ஜெராக்ஸ் கடையில் பதினாலு-பி கேட்டு நின்றது.

அன்றைக்கு அனீஸ் உண்மையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தவர்களில் ஜோதியும் ஒருத்தி. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே ஆளிடம் போய்க் கேட்டாள், கடைசி வருஷத்திலும் ஞாயிறு வகுப்புக்குக் கண்டிப்பாக வர வேண்டுமா என்று.

"அட்டெண்டன்ஸெல்லாம் தேவையில்லைம்மா. முதல் கிளாஸு, கடைசி கிளாஸு, ரெண்டுக்கும் தலையைக் காட்டு. நான் சொன்னேன்னு சொல்லு."

எப்படி நம்பினாள்? அவள் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறவள். ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டால் சூப்பர்வைசர், சொத்தை எழுதித் தரச் சொன்ன மாதிரி பார்ப்பார். அவளுக்கு எந்த ரூல் வேண்டுமோ அந்த ரூலை அழகிரி சொன்னார். அவர் வியாபாரம் நடப்பதே இப்படித்தான். அவர் பொய் சொல்வதில்லை. நம் ஆசையை நமக்கே திருப்பிச் சொல்கிறார், கூடவே ஒரு அதிகாரக் குரலைச் சேர்த்து.

பரீட்சைக்கு முந்தின மாதம் எல்லோருக்கும் ஹால் டிக்கெட் வந்தது. ஜோதிக்கு வரவில்லை. படிப்பை முடிக்க அவளுக்குக் கொடுத்திருந்த அவகாசம் இந்தப் பரீட்சையோடு முடிகிறது. விட்டால் இதுவரை பாஸ் செய்த பேப்பரெல்லாம் செல்லாது, முதலிலிருந்து சேர வேண்டும். இன்னொரு தடவை சேர்கிறேன் என்று சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

மைய ஒருங்கிணைப்பாளர் செபஸ்தியான் சார், வருகை போதவில்லை என்றார். துணைக்கு வந்திருந்த அழகிரியை ஜோதி திரும்பிப் பார்த்தாள்.

"ரூலை மாத்திட்டாங்க" என்றார் அழகிரி.

"நான் இங்க வந்ததுலேர்ந்து இதே ரூல்தாங்க."

"சர்க்குலர் வந்திருக்கும் சார். உங்களுக்கு வந்து சேரல."

செபஸ்தியான் சார் அவரை விட்டுவிட்டு ஜோதியிடம் பேசினார். குறைந்த வருகையை ஈடுகட்ட அடுத்த வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பு இருக்கிறது, ஒரு நாள்கூட விடக்கூடாது, வந்தால் எழுதலாம்.

வெளியே வந்ததும் அழகிரி ஆரம்பித்தார். அதற்கெல்லாம் போக வேண்டாம், மனிதாபிமான அடிப்படையில் என்று போட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்றார். அனீஸ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உங்களுக்கு ஹால் டிக்கெட் வந்துடுச்சா?" என்றாள் ஜோதி.

"நான் இந்தத் தடவை எழுதலை."

"போன தடவை?"

அவர் கையேட்டால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். அனீஸ் வாயைத் திறந்தான். இதற்காகத்தானே அவன் இத்தனை நாள் காத்திருந்தான்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை. பணிமனையில் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை, போடா வாடாதான். வாரத்தில் ஒருநாள், இந்தத் தெருவில் மட்டும், அவர் அண்ணன். பாஸாகிவிட்டால் அதுவும் போய்விடும். அனீஸ் அவருக்கு ஒரு டீ சொன்னான். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. டீ சொன்னான், அவ்வளவுதான்.

வேலை மிஞ்சுமா என்று தெரியாமலேயே ஜோதி கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஐந்து நாளும் போய் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை ஹால் டிக்கெட் கைக்கு வந்தது.

வாசலில் புதிதாகச் சேர வந்த ஒரு பெண் மறித்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை கிளாஸுக்குக் கண்டிப்பா வரணுமா?"

"கண்டிப்பா வரணும். இல்லைன்னா ஹால் டிக்கெட் தரமாட்டாங்க."

"உங்களுக்கு எல்லாம் தெரியுதேக்கா" என்றாள் அந்தப் பெண். ஜோதியின் முதுகு தானாக நிமிர்ந்தது. புடவைப் பிரிவில் யாரும் அவளை இப்படிப் பார்த்ததில்லை. "அப்ப ப்ராஜெக்ட்டை டைப் பண்ணித்தான் குடுக்கணுமாக்கா?"

ஜோதிக்கு அது தெரியாது. ஆனால் 'அதெல்லாம்' என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. எவ்வளவு ருசியாக இருந்தது தெரியுமா? அதை விழுங்குவதற்கு அவள் பட்ட பாட்டை எந்தப் பரீட்சைக்கும் பட்டதில்லை.

"தெரியாதும்மா. உள்ள சார் இருக்காரு, கேட்டுக்கோ."

அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த மரியாதை சட்டென்று பாதியாகக் குறைந்தது. ஜோதி பஸ்ஸுக்கு நடந்தாள்.

நீங்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். செபஸ்தியான் சார் வருகை போதவில்லை என்று சொன்ன இடத்தில், 'மெடிக்கல் சர்டிபிகேட் வெச்சா விட்டுடுவாங்களே' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியதோடு நிறுத்தினீர்களா, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியும் விட்டீர்களா?