தும்மிய சாட்சி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நாங்கள் இங்கே நலம். நலம் என்றால் உன் அம்மா நலம், தோட்டத்துச் செடிகள் நலம், மாடிக் குழாய்கூட ஒழுகாமல் நலமாக இருக்கிறது. என்னைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் "கோல்ஃப்" என்று வாயைத் திறந்ததும், "அப்பா, அடுப்புல பால் பொங்குது, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். உலகத்துப் பாலெல்லாம் உன் அடுப்பில்தான் பொங்குகிறது போலிருக்கிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படி.

உன் மாமனார் என்னை நட்டாற்றில் விட்டுவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டாவது குழியில், உன் அப்பாவாகிய நான் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டேன். ஒரே அடி! உனக்கு இதன் அருமை தெரியாது. உன் அம்மாவுக்குச் சுத்தமாகத் தெரியாது. "அப்போ அன்னைக்குச் சீக்கிரமே வீட்டுக்கு வந்திருக்கலாமே" என்று கேட்கிறாள். ஆயுள் முழுக்க ஆடியும் இது வாய்க்காமலே மட்டையை மூலையில் சாத்தியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எங்கள் கிளப்பில் நுழைந்ததும் வலது பக்கச் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. ஒரே அடியில் குழியில் போட்டவர்களின் பெயரைத் தங்க எழுத்தில் அதில் எழுதுவார்கள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன், தாண்டித்தான் வெளியே வருகிறேன். குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஊருக்கே தண்ணீர் கொண்டுவந்தவன் நான். ஒரு குழாயின் மீதுகூட என் பெயர் கிடையாது. அந்தப் பலகையில் ஒரு வரி கிடைக்காதா என்று நான் ஏங்கியது தப்பா, நீயே சொல்.

அன்றைக்கு ஆடியது நானும் உன் மாமனாரும் மட்டும்தான். எட்டாவது குழி தூரம் குறைவு, ஆனால் நடுவில் ஒரு மேடு. அடிக்கும் இடத்திலிருந்து குழியில் நட்ட கொடியின் நுனி தெரியும், குழி தெரியாது. முதலில் நான் அடித்தேன். அந்தச் சத்தத்தை உனக்கு எப்படி எழுதுவேன்! மற்ற நாளெல்லாம் மட்டை தரையில் பட்டு மண்ணைத் தோண்டும், கை எரியும், பந்து பக்கத்துத் தோட்டத்துக்கு விருந்துக்குப் போகும். அன்று மட்டையில் பந்து பட்டதே தெரியவில்லை. பந்து நேராகக் கொடியைப் பார்த்துப் போயிற்று. அப்புறம் உன் மாமனாரும் ஏதோ அடித்தார். மேட்டில் ஏறிப் பார்த்தால் புல்வெளியில் ஒரு பந்தையும் காணோம். அவர் வழக்கம்போலப் புதருக்குள் தலையை விட்டுத் தேட ஆரம்பித்தார். நான் எதற்கும் பார்ப்போம் என்று குழிக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது பந்து! நான் "சம்பந்தி! சம்பந்தி!" என்று போட்ட கூச்சலில் மரத்துப் பறவையெல்லாம் பறந்துவிட்டன. அந்த மனிதர் புதரிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, "என்ன சம்பந்தி, பாம்பா?" என்றார்.

ஒரே அடியில் போட்டவன் அன்றைக்குக் கிளப்பில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது கோல்ஃப் உலகத்தின் சம்பிரதாயம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. காப்பி, கேக், வறுத்த முந்திரி என்று எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். பல மாதமாகத் தலைகாட்டாத பல் டாக்டர்கூட எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டார். எல்லாம் தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்ட பிறகு எங்கள் செயலாளர் எழுந்தார். அவருக்கு நாங்கள் 'விதிமுறை' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறோம். "சந்தோஷம் சார். ஆனா நேர்ல பார்த்த சாட்சி ஒருத்தர் சொன்னாத்தான் பலகைல ஏத்த முடியும்" என்றார். கேக்கைத் தின்பதற்கு முன்னால் இந்த விதிமுறை எங்கே போயிருந்தது? இருந்தாலும் நான் கவலைப்படவில்லை. நம் வீட்டுச் சம்பந்தி பக்கத்தில் இருக்கிறார், எனக்கென்ன என்று அவர் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

உன் மாமனார் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. நீங்க அடிக்கற நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்துடுச்சு. தும்மும்போது கண்ணு தானா மூடிக்கும். திறந்து பார்க்கறப்போ நீங்க மட்டையைத் தோள்ல வெச்சுக்கிட்டு நிக்கறீங்க. பந்து போனதை நான் பார்க்கலை" என்றார்.

பார்க்கவில்லையாம்! யார் சொல்கிறார்? கண் டாக்டர்! ஊரில் பாதிப் பேரின் கண்ணைத் திறந்துவிட்ட மகானுபாவர், சம்பந்தியின் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாராம்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க சொத்து கரைஞ்சு போயிடுமா?" என்று கேட்டேன். "சொத்து கரையாது சம்பந்தி. ஆனா இந்த ஆட்டத்துக்கு அம்பயரே கிடையாது. நாமளே ஆடி, நாமளே உண்மையைச் சொல்லிக்கறோம். அதுல பொய்யைக் கலந்துட்டா அப்புறம் எதுக்குக் காலங்காத்தால எந்திரிச்சு இங்க வரணும்?" என்று எனக்கே பாடம் நடத்துகிறார். எனக்குத் தெரியாதா? என் பந்து புல்லில் புதைந்து கிடக்கும்போது, யாரும் பார்க்காதபோது, கால் கட்டைவிரலால் லேசாகத் தள்ளிவிடலாமா என்று எத்தனை தடவை தோன்றியிருக்கும்! ஒரு தடவைகூடத் தள்ளியதில்லை. பொய் சொல்லாமல் ஆடுவதில்தான் இந்த ஆட்டத்தின் கௌரவமே இருக்கிறது என்பதை எழுதியே தருகிறேன். நான் அவரைப் பொய்யா சொல்லச் சொன்னேன்? நடந்ததை நடந்தது என்று சொல்லச் சொன்னேன். அவர் பார்க்காதது அவர் தும்மலின் குற்றம்.

சரி, இவர் ஒருவர்தானா சாட்சி என்று மறுநாள் நானே விசாரணையில் இறங்கினேன். புல் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவரைப் பிடித்தேன். "நீங்க அடிக்கறீங்கன்னு தெரிஞ்சா நான் உடனே வண்டியைத் திருப்பிக்குவேன் சார், தலை முக்கியமில்லையா?" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் தினமும் நாயோடு நடக்கும் அம்மாளிடம் போனேன். "பார்த்தேனே, நல்லாப் பார்த்தேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது. "நீங்க கையைக் காலை உதறிக்கிட்டுக் குதிச்சீங்க. குளவி கொட்டிடுச்சோன்னு பாவமா இருந்துச்சு" என்றார். அடித்தபோது பார்த்தீர்களா என்றால், இல்லையாம், குதித்தபோது மட்டும்தானாம்.

அப்புறம்தான் அறிவியல் ரீதியாக அணுகுவது என்று முடிவு செய்தேன். தும்மல் என்பது ஒரு நொடிச் சமாசாரம். பந்து மேலே எழும்பி, வளைந்து, இறங்குவதற்கு அதைவிட எவ்வளவோ நேரம் ஆகும். ஆகவே தும்மி முடித்த பிறகும் அவர் பந்தைப் பார்த்திருக்கத்தான் வேண்டும். இதை நிரூபிப்பதற்காக, கிளப்பின் நிர்வாகக் குழு கூடியபோது ஒரு சின்ன டப்பாவில் மிளகுப்பொடி கொண்டுபோனேன். உன் மாமனாரை நடுவில் உட்காரவைத்து, கையில் கடிகாரத்தோடு, மூடியைத் திறந்தேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததை நான் கவனிக்காதது உண்மைதான். விதிமுறை தும்மினார், பொருளாளர் தும்மினார், பல் டாக்டர் தும்மியதில் அவருடைய கட்டுப்பல்லே நிர்வாகக் குழுவின் மேஜைமேல் விழுந்தது. நான் தும்மிய தும்மலில் கடிகாரம் கை நழுவி நின்றுபோயிற்று. தும்மாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் உன் மாமனார்தான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து எனக்கு நீட்டி, "கண்ணைக் கசக்காதீங்க சம்பந்தி, தண்ணி ஊத்திக் கழுவுங்க" என்றார். அந்த நேரத்திலும் டாக்டர் வேலை!

இப்போது கிளப்பில் எனக்குப் 'பொடி' என்று பட்டப்பெயர். வரும் ஞாயிறு ஆண்டுக் கூட்டம். அதற்குள் சாட்சி சொன்னால் என் பெயர் பலகையில் ஏறும், இல்லாவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. "இவ்வளவு மானக்கேட்டுக்கு அப்புறமும் ஏன் அங்க போறீங்க? வீட்டுலயே இருங்களேன்" என்கிறாள் உன் அம்மா. எப்படிப் போகாமல் இருப்பது? நூறு அடி அசிங்கமாகப் போகும், ஒரே ஒரு அடி சுத்தமாக விழும். அந்த ஒரு அடி உள்ளங்கையில் இறங்கி, முழங்கையில் ஏறி, நெஞ்சில் வந்து நிற்கும். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையும்போதும் கை அதையே நினைத்துக்கொண்டிருக்கும். விடியற்காலையில் புல் ஈரமாக இருக்க, வேறு யாரும் கால் வைக்காத இடத்தில் என் காலடி மட்டும் பதியும்போது, ஓய்வூதியம் வாங்குகிற கிழவன் என்பதே எனக்கு மறந்துபோகிறது. அதுவும் தவிர, என்னோடு ஆட இத்தனை வருஷமாக வந்துகொண்டிருப்பவர் அந்த ஒரு மனிதர்தான். மற்றவர்கள் எல்லோரும் ஒரு நாள் ஆடிவிட்டு, அடுத்த நாள் முதுகுவலி என்று சொல்லிவிட்டார்கள். அவரே இப்படிச் செய்துவிட்டாரே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். நீ மாப்பிள்ளையிடம் சொல், மாப்பிள்ளை அவர் அப்பாவிடம் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் கிளப்புக்குப் போய் "பார்த்தேன்" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், அடுத்த மாதம் நீங்கள் விடுமுறைக்கு வரும்போது இந்த வீட்டில் நான் இருப்பேன், அல்லது அவர் இருப்பார். பேரனை நான் காலையில் கொஞ்சுகிறேன், அவர் சாயங்காலம் வந்து கொஞ்சிக்கொள்ளட்டும். ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது இனி நடக்காது. இதில் மாற்றமே இல்லை.

உனக்கும் பேரனுக்கும் என் முழு ஆசிகள். மாப்பிள்ளைக்கும் ஆசிகள் உண்டு, ஆனால் அவர் அந்த அப்பாவுக்குப் பிள்ளை என்பதால் கொஞ்சம் பிடித்தம் செய்திருக்கிறேன். உன் மாமியாருக்கு என் வணக்கம். அந்த அம்மாள் ஒரு பாவமும் அறியாதவர்.

இப்படிக்கு,
மனம் நொந்த உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உன் அம்மா ஒரு காரியம் செய்துவிட்டாள். அந்தப் பந்தை, குழியிலிருந்து எடுத்த சேறும் புல்லுமாக அப்படியே கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தேன். யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். "அலமாரியெல்லாம் மண்ணு" என்று அதை எடுத்துப் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். கத்துவதற்காகத்தான் பந்தைக் கையில் வாங்கினேன். அதிலிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது. மகளே, நாங்கள் எல்லோரும் பந்து மாறிப் போகாமல் இருக்கப் பேனாவால் ஓர் அடையாளம் போட்டுக்கொள்வோம். என்னுடையது சிவப்புப் புள்ளி. இமையும் விழியுமாகக் கண் வரைகிறவர் எங்கள் கிளப்பில் ஒரே ஒருவர்தான் உண்டு.

என் பந்து எங்கே போயிற்று என்று கேட்காதே, அது அந்தப் புதருக்குத்தான் தெரியும். சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தேன், உன்னிடம் மறைக்கவில்லை, எடுத்தேன். அந்த மனிதர் புதரிலிருந்து எழுந்து சட்டையில் ஒட்டிய இலையைத் தட்டிக்கொண்டு, "இன்னிக்கும் தொலைஞ்சுது சம்பந்தி" என்று சொன்ன முகம் ஞாபகம் வந்தது. பேனாவை வைத்துவிட்டேன். எனக்கு முன்னாலிருந்தே ஆடுகிறவர். அவருக்கும் அந்தப் பலகை வலது பக்கச் சுவரில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பலகையில் ஏறப் போவது அவர் பெயர்தான். அதற்கும் நேரில் பார்த்த சாட்சி வேண்டும், இருந்த ஒரே ஆள் நான்தான். பார்த்தேன் என்று சொல்லப் போகிறேன். பொய் சொல்லாமல் ஆடுவதுதான் கௌரவம் என்று மேலே ஒரு பக்கத்தில் எழுதியிருப்பேன், அதைக் கிழித்துப் போட்டுவிடு. மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். பிடித்தம் செய்த ஆசிகளையும் கொடுத்துவிடு. ஒரே ஒரு சிக்கல்தான். எப்படி நின்றார், எப்படி வீசினார் என்று விதிமுறை குடைந்து குடைந்து கேட்பார். இத்தனை வருஷமும் சம்பந்தி அடிக்கும்போதெல்லாம் நான் என் பந்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. என் கண்ணில் அவர் ஆபரேஷன் செய்தபோதாவது கவனித்திருக்கலாம், அப்போது அதற்கு வழியில்லை. அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும், பால் பொங்கினாலும் பரவாயில்லை, உடனே போன் செய்து சொல்: உன் மாமனார் வலது கைக்காரரா, இடது கைக்காரரா?