நிறுத்தினால் எழுந்துகொள்ளும் கம்ப்யூட்டர்

சிதம்பரம்
9.8.2009

மஸ்கட்டில் இருக்கும் மாப்பிள்ளை திருநாவுக்கரசு அவர்களுக்கு மாமனார் வைத்திலிங்கம் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. நடராசர் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்கள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டருக்குத்தான் உடம்பு சரியில்லை. இதைக் கேமராவில் சொல்லாமல் கடிதமாக எழுதக் காரணம், உங்கள் அத்தை கேமரா முன்னால் என்னை உட்கார விட்டால்தானே.

எங்கள் பெண் அனுப்பிரியாவோடு அதில் பேசி முடித்ததும் நான் முறைப்படி ஷட்டவுன் கொடுக்கிறேன். அதுவும் சமத்தாகத் தூங்கப் போகிறது. மெயின் சுவிட்ச் பீரோவுக்குப் பின்னால் இருப்பதால், அங்கே கையை விட்டுத் துழாவுவதற்குள் மறுபடி எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தச் சிதம்பரத்தில் நான் சொல்லிக் கேட்காத ஆள் ஒருத்திதான் இருந்தாள், இப்போது இரண்டாகிவிட்டது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினேன். மஞ்சக்குப்பத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் செம்பியன் தன் மேசையில் வைத்துத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தார், ஒழுங்காக நின்றது. "பொட்டில ஒண்ணும் இல்ல சார், ஊட்டு கரண்ட்ட பாருங்க. ஆனா இப்டியே ஓடுனா போர்டு போயிடும்" என்றார். எலக்ட்ரீசியன் கண்ணாயிரம் வந்து பார்த்து, "கரண்ட்டு நல்லாத்தான் இருக்கு, பொட்டிதான் சரியில்ல" என்றார். உங்க அத்தை திருஷ்டின்னு உப்பு மிளகா சுத்திப் போட்டா. தும்மி தும்மி எனக்குத்தான் நெஞ்சு வலிச்சுது, பெட்டி அசையல.

எனக்கு பயமா இருக்கு மாப்பிள்ளை. அனுவுக்குத் தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான்னு அவ அம்மா எத்தனையோ கற்பனை பண்ணி வச்சிருந்தா. டாக்டர் விமானம் ஏறக் கூடாதுன்னுட்டாங்க. பொறக்கப்போற பேரப்புள்ளைய நாங்க இதுலதான் பாத்தாகணும். அந்த நேரத்துல இது படுத்துடுச்சுன்னா உங்க அத்தையத் தேத்த என்னால ஆகாது. ஆகவே புதிதாக ஒன்றுக்கு உடனே ஏற்பாடு செய்யுங்கள். இதை எடைக்குப் போட்டுவிடுகிறேன்.

அனுவை மாடிப்படி அதிகம் ஏற விடாதீர்கள். இருவரும் மூவராகி நீடூழி வாழ தில்லைக் காளியை வேண்டிக்கொள்ளும்,
மாமா வைத்திலிங்கம்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்கும் முன் இதையும் எழுதுகிறேன். இன்று அனு பேசிவிட்டுப் போனதும் ஷட்டவுன் கொடுத்துவிட்டு, பேப்பர் படிப்பவன்போல உட்கார்ந்திருந்தேன். திரை இருண்டதும் உங்கள் அத்தை, படித்து முடித்த புத்தகத்தைத் தொட்டு ஒற்றிக்கொள்வதுபோல, கீபோர்டில் உள்ளங்கையை வைத்து அழுத்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெட்டி எழுந்துகொண்டது. செம்பியனுக்குப் போன் போட்டேன். "கீபோர்ட தொட்டாலே ஆன் ஆவுற செட்டிங் சார் அது, கடையில நாங்க யாரு தொட்டுக் கும்புடறோம்? வந்து மாத்திடறேன், இனிமே எழுந்துக்காது" என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், திரையில் நீங்கள் வைத்துக் கொடுத்த அனுவின் கல்யாணப் போட்டோ வந்திருந்தது. "பாத்தீங்களா, தொட்டதும் வந்துட்டா" என்று உங்கள் அத்தை அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

செம்பியனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதுக் கம்ப்யூட்டரும் வேண்டாம். அவள் சோறு வடிக்க உள்ளே போனதும் நானே இன்னொரு தரம் நிறுத்திவிடுகிறேன்.