மூன்று கண் சக்கரவர்த்தியும் என் மாமனாரும்

விண்வெளித் தொடர்களில் வசனம் சரியில்லை என்று குறை சொல்வதைப்போல் சுகமான வேலை வேறில்லை. பத்து வருடமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். (சம்பளம் மட்டும் ஒருவரும் தரவில்லை.) வேற்றுக்கிரகத்து அரசன் ஏன் அறிவித்தல் பலகையை வாசிப்பதுபோல் பேசுகிறான், மந்திரவாதிக்கு ஆபத்து வரும்போது மட்டும் ஏன் மந்திரம் மறந்துபோகிறது என்று காண்கிறவர்களை எல்லாம் மறித்துக் கேட்பேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன நண்பன் ஒருவன், யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னத் தொலைக்காட்சிக்கு விண்வெளித் தொடர் எடுக்கத் தொடங்கியபோது, அப்ப நீயே எழுதன் என்று என் தலையில் கட்டிவிட்டான்.

எந்தக் கிரகமாக இருந்தாலும் ஆட்கள் ஆட்களைப்போல் பேசவேண்டும் என்பது என் கொள்கை. கதையில் மூன்று கண்ணுள்ள ஒரு சக்கரவர்த்தி. வாயைத் திறந்தால் அரண்மனையே நடுங்கவேண்டும். அப்படிப் பேசக்கூடிய ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். நயினாதீவில் இருக்கும் என் மாமனார், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் சொல்வதை எல்லாம் அப்படியே சக்கரவர்த்தியின் வாயில் வைத்தேன். மாமா செய்தி தவிர வேறொன்றும் பார்ப்பதில்லை என்ற துணிவுதான்.

என் மனைவி மேகலா சந்தோஷத்தில் தகப்பனுக்குச் சொன்னாள். அவர் அயலுக்கெல்லாம் சொல்லிவிட்டார். முதல் பகுதி ஒளிபரப்பாகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, இரவல் கதிரைகள் வாசல்வரைக்கும் நின்றன. திரும்பிப் போவோமா என்று மேகலாவிடம் மெல்லக் கேட்டேன். கடைசிப் படகு போய்விட்டது என்றாள்.

மாமா இஸ்திரி போட்ட சேர்ட்டோடு முன்வரிசையில் இருந்தார். பக்கத்துக் கதிரை எனக்கு.

சக்கரவர்த்தி வந்தார். "நான் இந்தக் கண் மூண்டையும் மூடினாப் பிறகுதான் உங்களுக்கு என்ர அருமை தெரியும்" என்றார். பின்வரிசையில் ஒரு சிரிப்பு. மாமியின் தலை மெல்ல மாமா பக்கம் திரும்பியது. அடுத்து, தேத்தண்ணி ஆறிப்போனதற்காக ஒரு கிரகத்தையே அழிக்கப்போவதாகச் சக்கரவர்த்தி சொன்னபோது, வாசலில் நின்றவர்கள்கூட விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆள் நியாயமாகத்தான் கதைக்கிறார் என்று என்னிடம் சொன்னார்.

மூன்றாவது வசனம் இன்னும் இருந்தது.

கலியாணம் முடித்த புதிதில் ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனேன். குசினிக்குள் மாமா என்னைப்பற்றி மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நான் மேகலாவுக்குக்கூடச் சொன்னதில்லை. சொல்லாததை எழுதினேன். சக்கரவர்த்திக்கு ஒரு மருமகன், விண்கலம் ஓட்டுகிறவன். தேவையில்லாத நாளெல்லாம் போகிற கரண்ட் அந்த ஞாயிறு மட்டும் போகவில்லை.

சக்கரவர்த்தி பட்டத்தரசியிடம் சொன்னார். "பெடியன் நல்லவன்தான். ஆனால் அவனை நம்பி ஒரு வாளியைக்கூடக் கிணத்துக்குள்ள விடேலாது."

(விண்வெளியில் கிணறு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.)

மாமா சிரிக்கவில்லை. விளம்பரம் போட்டதும் எழும்பி வெளியே போனார். மற்றவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள். நான் அவருடைய வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து இருந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உமக்கு அண்டைக்கு அது கேட்டதோ?"

"ஓம் மாமா."

கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். பிறகு கேட்டார். "அந்த மருமோன் கடைசியில என்ன செய்யிறான்?"

அடுத்த கிழமை அந்த மருமகன் சக்கரவர்த்தியை விண்கலத்தின் கதவால் வெளியே தள்ளிவிடுவான். எடுத்தே முடிந்துவிட்டது. நான் சொன்னேன்: "சக்கரவர்த்தியைக் காப்பாத்துவான், மாமா."

மாமா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். கலியாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அடுத்த ஞாயிறும் எல்லோரும் வரவேண்டும் என்று எழும்பி நின்று அறிவித்தார்.

அந்தக் கிழமை முழுவதும் நண்பனிடம் கெஞ்சினேன். முடிவை மாற்ற ஏலாது, சக்கரவர்த்தியாக நடித்தவர் கனடாவுக்குத் திரும்பிப் போய்விட்டார் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கதிரைகள் வாசலைத் தாண்டிப் படலைவரைக்கும் நின்றன. சக்கரவர்த்தி விண்கலக் கதவடியில் நின்று நட்சத்திரங்களைப் பார்த்தார். மருமகன் பின்னால் வந்தான். "காப்பாத்தப் போறான்" என்று மாமா பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கம் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, சக்கரவர்த்தி போய்விட்டார். சனம் முழுக்க என்னைப் பார்த்தது. மாமா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு இப்போது ஊரில் சக்கரவர்த்தி என்றுதான் பெயர். அவருக்கும் அதில் பெருமைதான். ஆனால் என்னோடு எங்காவது புறப்பட்டால், இறங்குதுறையில் படகில் கால் வைக்குமுன் நின்று பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

"நீர் முன்னால போம் தம்பி" என்பார்.

துறையில் நிற்கிற சனம் சிரித்து முடியும்வரை பொறுத்திருந்து, நான் உள்ளே போய் இருந்ததை உறுதிப்படுத்திக்கொண்டுதான் ஏறுவார்.