நடு மீட்டரில் ஒட்டிய தகடு

அன்னவாசலில் பணத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் முதலில் ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்குக் குறைந்து எந்த ஆட்டோவும் அந்தக் கல்யாண மண்டபத்துப் பக்கம் திரும்பாது. இறங்கியதும் செருப்பு வைக்கப் பத்து ரூபாய். வரிசையில் நின்று களைத்தால் வாசலிலேயே வடையும் கரும்புச்சாறும். உள்ளே போக டோக்கன் ஐம்பது. இத்தனையும் செலவழித்து ஆயிரம் பேர் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். எதற்கு? செலவைக் குறைப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள.

சொல்லித் தருபவர் சிக்கனச் சித்தர். வெள்ளைக் காரில் வருவார். அவர் உள்ளே அருள்பாலிக்கும் மூன்று மணி நேரமும் வெளியே காரின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். சாமி திரும்பி ஏறும்போது சீட் குளிர்ந்திருக்க வேண்டும் அல்லவா? ஆயிரம் பேரும் அந்தக் காரைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். ஒருவர் காதிலும் எஞ்சின் சத்தம் விழவில்லை.

வீட்டில் பணம் நிற்காததற்குக் காரணம் செலவு அல்ல, 'கசிவு' என்பது சித்தரின் கண்டுபிடிப்பு. யாரோ வைத்த கண், யாரோ விட்ட பெருமூச்சு, மின்சார மீட்டர் வழியாக வீட்டுக்குள் புகுந்து பர்ஸ் வழியாக வெளியேறுகிறதாம். அதை அடைக்க ஒரு செப்புத் தகடு. உள்ளங்கை அகலம். விலை ஆயிரத்து ஐநூறு. மாதம் ஒருமுறை அதற்குச் சக்தி ஏற்ற ஐநூற்று ஒன்று. மொபைலுக்கே ரீசார்ஜ் இருக்கும்போது தெய்வத்துக்கு இருக்கக்கூடாதா என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது.

தகட்டோடு மஞ்சள் தாளில் அச்சடித்த நியமங்களும் கொடுப்பார். ஆள் இல்லாத அறையில் ஃபேன் சுற்றினால் வாயு தோஷம். அரிசியும் பருப்பும் அரை மணி நேரம் ஊறாமல் அடுப்பேறினால் அக்கினி கோபம். சாமான் சீட்டு எழுதாமல் கடைக்குப் போனால் லட்சுமி பாதியில் இறங்கிவிடுவாள். கடைப் பரோட்டா தீட்டு. ஒன்று மீறினாலும் தகடு வேலை செய்யாது. ஆகையால் மக்கள் பயபக்தியோடு ஃபேனை அணைத்தார்கள், அரிசியை ஊறவைத்தார்கள், சீட்டு எழுதினார்கள். இரண்டு மாதத்தில் கரண்டு பில் குறைந்தது. சிலிண்டர் எட்டு நாள் கூடுதலாக நீடித்தது. "பார்த்தியா, தகடு!" என்று வாயடைத்துப் போனார்கள்.

வாயடைத்தது சரி. மூளைக்கு எதற்கு அடைப்பு?

பொன்னுத்தாய் அந்த ஆயிரம் பேரில் ஒருவர். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். கணவர் கோயம்புத்தூரில் லோடு வண்டி ஓட்டி மாதாமாதம் பணம் அனுப்புவார். மகள் வைஷ்ணவி நர்சிங் முதல் வருடம் முடித்துவிட்டாள். இரண்டாம் வருடக் கட்டணத்தில் குறைகிற பன்னிரண்டாயிரத்தை வரும் புதன்கிழமைக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்காது.

பணம் இருந்தது. ஆறு மாதம் பல்லைக் கடித்து மிச்சம் பிடித்த பன்னிரண்டாயிரம் ரூபாய், உளுந்து டப்பாவுக்குள் ஒரு மஞ்சள் பையில். சிக்கல் என்னவென்றால், அது அங்கே இருப்பது சித்தருக்கும் தெரியும்.

எப்படித் தெரியும்? ஞானதிருஷ்டி என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு மாதமும் சக்தி ஏற்றும்போது பக்தர்கள் தகட்டின் காதில் தங்கள் மிச்சம் எவ்வளவு, அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். தகட்டுக்குக் காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது. சத்தமாகச் சொல்லச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்கும் அடியார் நோட்டில் எழுதிக்கொள்வார். பொன்னுத்தாய் பன்னிரண்டாயிரம் என்று சொன்ன மாதம், சித்தர் கண்ணை மூடி யோசித்து, அவர் வீட்டுக்கு 'மகா தகடு' தேவைப்படுவதாகவும் அதன் விலை பன்னிரண்டாயிரம் என்றும் அருளினார். அடுத்து நின்ற பெண் ஒன்பதாயிரம் சொன்னார். அவருக்கு மகா தகடு ஒன்பதாயிரம்.

"அம்மா, அது ஃபீஸுக்கு வச்ச காசும்மா," என்றாள் வைஷ்ணவி.

"எனக்குத் தெரியாதாடி? இந்தச் சின்னத் தகடு ஆறு மாசத்துல இம்புட்டு மிச்சம் காட்டிருக்கு. பெருசு வந்துட்டா மூணே நாள்ல ஃபீஸ் காசு தானா வந்து விழும்னு சாமி சொல்றாரு. புதங்கெழமைக்குள்ள வந்துரும்."

"வரலைன்னா?"

"வாயக் கழுவு மொதல்ல!"

வைஷ்ணவி வாயைக் கழுவவில்லை. அந்த வீட்டில் இரண்டு நாள் தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

வெள்ளிக்கிழமை, மின் கணக்கெடுக்க ஷர்லி வந்தார். ஆவூர்க்காரர். பத்து வருடமாக இந்தத் தெருக்களில் மீட்டர் பார்த்து நடப்பவர். அதிகம் பேசமாட்டார். அந்தக் காம்பவுண்டில் மாடிப்படிக்குக் கீழே வரிசையாக மூன்று மீட்டர்கள். நடு மீட்டரின் தலையில் குங்குமம் அப்பிய செப்புத் தகடு ஒன்று இருப்பதை ஷர்லி ஏற்கெனவே பார்த்திருக்கிறார். அவரவர் நம்பிக்கை என்று விட்டுவிட்டார்.

"இருநூத்திப் பத்து யூனிட்தான் ஓடியிருக்குக்கா. ஆறு மாசத்துக்கு முன்னாடி நானூத்தி இருபது ஓடுச்சு. பரவாயில்லையே!" என்றார்.

"எல்லாம் அந்தத் தகடுதான் மேடம்!" பொன்னுத்தாயின் முகம் மலர்ந்தது. "சாமியே நேர்ல வந்து தன் கையால ஒட்டுனாரு. நேர்ல வர்றதுக்குத் தனியா ஆயிரத்து நூறு. மூணு மீட்டர் முன்னாடியும் கண்ண மூடி நின்னாரு. நடுவுல இருக்கறதுதான் பிரம்ம ஸ்தானம், ஒன் வீட்டுக் கசிவு இதுலதான்னு பட்டுன்னு ஒட்டுனாரு."

ஷர்லி தகட்டைப் பார்த்தார். பொன்னுத்தாயைப் பார்த்தார். மறுபடி தகட்டைப் பார்த்தார்.

"மறுபடி எப்பக்கா வர்றாரு?"

"ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு, மண்டபத்துக்குப் போறதுக்கு முன்னாடி. மகா தகடு ஒட்ட."

"நானும் வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டுக்குள் கால் வைக்க இடமில்லை. தெருவே திரண்டு வந்திருந்தது. பத்துப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஏகாம்பரம் மட்டும் தன் வாசற்படியை விட்டு இறங்காமல் நின்றார். போன கோடையில் ஏசி வாங்கியவர். பொன்னுத்தாய் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். வைஷ்ணவி அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சித்தர் வந்தார். நடு மீட்டரின் முன் நின்று மூச்சை இழுத்தார்.

"பார்த்தீர்களா! இந்தச் சிவப்புக் கண் சிமிட்டுகிறது! இதுதான் பொன்னுத்தாய் இல்லத்தின் ஜீவன். இந்த வீட்டில் ஓடும் ஒவ்வொரு துளி மின்சாரமும் என் தகட்டைக் கேட்டுத்தான் ஓடுகிறது!"

"சாமி, ஒரு சந்தேகம்," என்றார் ஷர்லி. "பொன்னுத்தாயக்கா வீட்டு மெயினை ஆஃப் பண்ணுனா, இந்தக் கண்ணு சிமிட்டறது நின்னுரும்ல?"

"நின்றுவிடும் தாயே. சின்னக் குழந்தைக்கும் தெரியுமே!"

"வைஷ்ணவி, ஆஃப் பண்ணும்மா."

வைஷ்ணவி உள்ளே ஓடினாள். டக் என்று சத்தம். வீட்டுக்குள் ஃப்ரிட்ஜின் உறுமல் நின்றது. ஓரத்து மீட்டரின் சிவப்புக் கண் அணைந்தது. நடு மீட்டரின் கண் ஜம்மென்று சிமிட்டிக்கொண்டே இருந்தது.

சித்தரின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. ஒரே ஒரு கணம்தான். உடனே இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

"அதிசயம்! கரண்டே இல்லாத வீட்டில் ஜீவன் துடிக்கிறது! தகட்டின் மகிமை!"

"சாமீ!" என்று ஐம்பது பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் சூடம் கொளுத்தினார். கண்ணெதிரே உடைந்த பொய்யை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து ஒட்டவைக்க இத்தனை பேர் இருந்தால், ஏமாற்றுக்காரனுக்குத் தனியாக மூளை எதற்கு? பொன்னுத்தாய் பரவசத்தில் மஞ்சள் பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அக்கா, இருங்க. இன்னும் ஒரு சுவிட்சு பாக்கி இருக்கு." ஷர்லி திரும்பினார். "ஏகாம்பரம் அண்ணே, ஒங்க வீட்டு மெயினைக் கொஞ்சம் அணைங்க."

"எதுக்கு? என்கிட்ட எதுக்கு வர்றீங்க? உள்ள ஏசி ஓடுதுல்ல?"

"ஆளு வெளிய நிக்கறீங்க, ஏசி யாருக்குண்ணே ஓடுது?" என்று கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. ஏகாம்பரம் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

டக்.

நடு மீட்டரின் சிவப்புக் கண் மூடிக்கொண்டது.

"போடுங்கண்ணே."

டக். சிமிட்டியது.

"அணைங்க."

மூடியது.

ஷர்லி குரலை உயர்த்தவே இல்லை. "இது ஏகாம்பரம் அண்ணன் வீட்டு மீட்டரு. அக்கா வீட்டுது அந்த ஓரத்துல இருக்கறது. சுண்ணாம்பு அடிச்சப்ப நம்பரு மறைஞ்சிருச்சு. எனக்குத் தெரியும், ரெண்டு மாசத்துக்கு ஒருக்காப் பாக்கறேன். சாமிக்குத்தான் தெரியல. இந்த ஆறு மாசமா தகடு இருந்த மீட்டர்ல முன்னூறு யூனிட் அறுநூத்தி இருபது ஆயிருக்கு. தகடே இல்லாத மீட்டர்ல பாதியாக் கொறஞ்சிருக்கு."

எல்லோரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள்.

"ஏய்யா, ஒம் மீட்டர்ல தகடு ஒட்டிருக்குன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார் ஒரு பெரியவர்.

"தெரியும்..." ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். "ஓசில கெடைக்குதேன்னு பேசாம இருந்துட்டேன். தகடுதான் இருக்கே, பில்லு எப்படி ஏறும்னு ஏசிய ராப்பகலா ஓட விட்டேன். மூணு பில்லு வந்து என்னையத் தீத்துக் கட்டிருச்சு. காசு குடுக்காத தகடு, யார்கிட்டப் போய்ச் சண்டை போடச் சொல்றீங்க?"

காம்பவுண்டு அதிர்ந்து சிரித்தது. கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே ஐம்பது பேரும் சிரித்தார்கள். சூடம் கொளுத்தியவர் அதை அவசரமாகக் காலால் தேய்த்தார்.

சித்தர் தொண்டையைச் செருமினார். "சக்தி சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் பாய்வதும் உண்டு..."

"அப்ப தகடு ஒட்டுன அவரு வீட்டுல மட்டும் ஏன் சாமி பில்லு கொறயல?" என்று கேட்டாள் வைஷ்ணவி.

பொன்னுத்தாய் சிரிக்கவில்லை. அவிழ்ந்த முடிச்சோடு அப்படியே நின்றார்.

"அப்ப எனக்கு மிச்சமானது யாரு செஞ்சது?" என்றார் மெதுவாக.

"அரிசிய ஊறவச்சது யாருக்கா?" என்றார் ஷர்லி.

"நான்."

"ஃபேனை அணைச்சது?"

"நானும் இவளும்."

"சீட்டு எழுதிட்டுக் கடைக்குப் போனது?"

பொன்னுத்தாய் குனிந்து பையைப் பார்த்தார். ஆறு மாதத்தில் அவர் கை சம்பாதித்த மிச்சத்தில் ஐயாயிரத்து அறுநூறு ரூபாயை அந்தக் கை தானே கொண்டுபோய்ச் சித்தரிடம் கொடுத்திருக்கிறது. அதுவும் கும்பிட்டபடி. கசிவு எங்கே இருந்தது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அது ஆறு மாதமாக வெள்ளைக் காரில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது; மீதியை அள்ள இன்று திரும்பி வந்து எதிரில் நின்றது.

முடிச்சை மறுபடி இறுக்கிக் கட்டி மகளிடம் கொடுத்தார். "நாளைக்கே போய் ஃபீஸக் கட்டிரு ஆத்தா." பிறகு சித்தரை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வீட்டு மீட்டரு எதுன்னு தெரியாத ஒங்களுக்கு எங்க வீட்டு உளுந்து டப்பா மட்டும் எப்படிய்யா தெரிஞ்சுச்சு? வாங்குன காசெல்லாம் எங்க?"

'எங்க' என்ற சொல்லை வேறு பலரும் பிடித்துக்கொண்டார்கள். சித்தருக்கு அவசர தியானம் வந்துவிட்டது. வாசலுக்கு ஓடினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததன் பயனை அன்றைக்குத்தான் முழுமையாக அடைந்தார்: ஏறியதும் கார் பறந்தது. மகா தகடு படியில் கிடந்தது. ஏகாம்பரம் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில், செப்புப் பூச்சு உரிந்த இடத்தில், ஒரு பிஸ்கட் டப்பாவின் பாதிப் பூப்படம்.

அன்னவாசல் மண்டபம் இப்போது பூட்டிக் கிடக்கிறது. திருவரங்குளம் பக்கத்தில் ஒருவர் தண்ணீர்த் தொட்டியில் போடச் சேமிப்புக் கல் விற்பதாகவும், அங்கேயும் செருப்பு வைக்கப் பத்து ரூபாய் என்றும் கேள்வி.

போகிறவர்கள் போங்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஃபேனையும் விளக்கையும் அணைத்துவிடுங்கள். உங்களிடம் இருக்கும் சுவிட்சுகளில் ஒன்றை மட்டும் அணைக்க வேண்டாம். அது தலைக்குள் இருக்கிறது. எத்தனை நேரம் ஓடவிட்டாலும் அதற்குப் பில் வராது.